கண்ணாடி போட்ட சர்டிபிகேட்டு

வாருங்கள் கண்ணுகளா, கிட்டத்தில் வந்து உட்காருங்கள். அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். இந்த வாரம் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது. எனக்கே வந்தது. நாலு நாளாக இதை எழுத உட்கார்ந்து, பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். ஆனாலும் நல்ல கதை. உங்களுக்கென்று வைத்திருந்த கதை.

போன வாரம் எங்கே விட்டோம்? வேலாங்காட்டு நாச்சிமுத்துக் கவுண்டர் வீட்டில், தகப்பனும் மகனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டு எழுந்ததில் விட்டோம். மூன்று வாரமாக அப்படித்தான். மகன் மருதாசலம் சந்தைமேட்டு ஹைஸ்கூலில் ஆறாவது பாரம், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு, படித்தவன். திடீரென்று ஒருநாள் பையைத் தூக்கி அட்டாளிப் பரணில் எறிந்துவிட்டு ஏரைப் பிடித்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. கவுண்டரும் கேட்கவில்லை. அவர்பாட்டுக்குச் சிரித்த முகமாகத் திரிந்தார். தாய் இல்லாத வீடு. அவனைத் தூக்கி வளர்த்தவள் மூத்தவள் காளியாத்தாள். அவளும் கட்டிக்கொடுத்த ஊரில் இருந்தாள். மாரியம்மன் நோம்பிக்கு வந்தவளுக்கு வந்த நாலு நாளும் இந்த மௌனம் முள்ளாகக் குத்தியது.

நேற்றுத்தான் கம்பம் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அசலூரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். அம்மன் கோயில் முன்னால் கம்பம் நட்டுவிட்டால், அதைப் பிடுங்குகிற நாள் வரைக்கும் ஊரில் எந்த நல்ல காரியத்துக்கும் கை நீட்ட மாட்டார்கள். பெண் பார்க்க மாட்டார்கள், வீட்டுக்கு முகூர்த்தக்கால் நட மாட்டார்கள். அந்தக் கட்டு நேற்றோடு அவிழ்ந்தது.

விடிவதற்கு முன்பே கவுண்டர் தலைக்குக் குளித்துவிட்டார். பெட்டியில் இருந்த பட்டுக்கரை வேட்டி வெளியே வந்தது.

"அம்முணி, அந்தப் பெரிய தாம்பாளத்தை எடு. தேங்காய் ரெண்டு, பழம் ஒரு சீப்பு, வெத்தலை பாக்கு வை. பூவும் வை."

"எந்தக் கோயிலுக்குங்கப்பா?"

"கோயிலுக்கா? பள்ளிக்கூடத்துக்கு! தம்பியோட சர்டிபிகேட்டு வந்து கெடக்குது. கிளார்க்கு சென்றாயன் மூணு வாரமா ஆள் மேல ஆள் உட்டுக் கூப்புடறான். நாந்தான், கம்பம் நட்டாச்சு, பிடுங்கற வரைக்கும் தொட மாட்டேன்னுட்டேன்."

"சர்டிபிகேட்டுன்னா..."

"என்ன அம்முணி நீ, அஞ்சாங்கிளாஸ் படிச்சவ கேக்கற கேள்வியா இது? படிச்சு முடிச்சா குடுக்கறது. போன மாசம் செவ்வாச்சந்தையில சென்றாயன் வந்தான். 'கவுண்டரே, உங்க பையன் சர்டிபிகேட்டுக்கு ஒரு கைநாட்டு வேணுமே'ன்னான். எனக்குத் தலைகால் புரியலை போ. கட்டை வெரலை மையில முக்கி அழுத்துனேன். அவனுக்கு ரெண்டு எளநி வெட்டிக் குடுத்தேன்." கவுண்டர் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே திரும்பினார். "நம்ம சின்னுசாமி பையன் அர்த்தநாரிக்குக் கம்பத்துக்கு முந்தியே வந்துருச்சு. கண்ணாடி போட்டு மாட்டிருக்கறான். போய்ப் பாரு. நம்முளுதுக்கும் அளவெடுக்கக் கண்ணாடி போடற காத்தானை வரச் சொல்லிருக்குது. மத்தியானம் சொந்தம், ஒறம்பரை அம்பது பேரு சாப்பாட்டுக்கு வாராங்க."

பொழுது நன்றாக ஏறிய பிறகு வண்டி கட்டி, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் போனார். ஏரியைச் சுற்றிக்கொண்டு போகிற மூன்று மைல் பாதை. காளைக்குக்கூட நெற்றியில் குங்குமம்.

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டாள் காளியாத்தாள். கேட்டிருக்கலாம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

கூழ்ச்சட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுமேட்டுக்குப் போனாள். மருதாசலம், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையை ஓட்டிக்கொண்டிருந்தான். ஓட்டினானா? மாட்டை அடித்தான். வாயில்லாத ஜீவன்கள், தோல்பை நிறையத் தண்ணீரோடு சரிவில் இறங்கும்போதே சாட்டை முதுகில் விழுந்தது.

"மாட்டை ஏன்டா கொல்லறே? கூழைக் குடிச்சுட்டு ஓட்டு, சாமி."

"பசிக்கலை."

"அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்காரு. உன்ற சர்டிபிகேட்டு வாங்க."

சாட்டை பறந்துபோய் வரப்பில் விழுந்தது.

"வாங்கட்டும்! நல்லா வாங்கட்டும்! பெத்த பையன் படிப்புல மண்ணைப் போட்டுட்டு ஊருக்கே சோறு போடறாரு. அவருக்கு அதுல என்னக்கா அவ்வளவு சந்தோசம்?"

"என்னடா சொல்றே?"

"நெறுத்திப்போட்டாருக்கா! என்னைய நெறுத்திப்போட்டாரு. ஒருநாள் கிளாசுல எம் பேரைக் கூப்புடலை. எட்மாஸ்டரு ரூமுக்குப் போய்க் கேட்டேன். ஒரு காயிதத்தைத் திருப்பிக் காட்டுனாரு. 'உன் அப்பாதான் உன்னை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்'னாரு. அவரு கைநாட்டு, அக்கா. கட்டை வெரலுல அருவா பட்ட தழும்பு இருக்குதில்ல? அதுவரைக்கும் தெரிஞ்சுது. பெரிய மாடு செத்தன்னைக்கு என்ன சொன்னாரு? 'இந்தப் படிப்பு எழவெல்லாம் போதும், ஏர் புடிக்க ஆளில்லை'ன்னாரா இல்லியா? ஆளு வேணுமுன்னாரு. ஆளாகிட்டேன். ஓட்டறனில்ல?"

காளியாத்தாள் கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தாள். அவளுக்குள் ஏதோ ஒன்று பொருந்தாமல் இடித்தது. பட்டுக்கரை வேட்டி, குங்குமம் வைத்த காளை, மடியில் தாம்பாளம். மகன் படிப்பைக் கெடுத்தவன் இப்படியா போவான்?

"மருது, சித்தெ இரு. அது எந்த சர்டிபிகேட்டு?"

"எந்தன்னா? டிரான்ஸ்பர் சர்டிபிகேட்டு. பள்ளிக்கூடத்த உட்டுப் போறவனுக்குக் குடுக்கறது."

"அப்ப பாசானவனுக்குக் குடுக்கறது?"

"அதுவும் சர்டிபிகேட்டுதான். அது வேற. அதுக்கு மார்ச்சு மாசம் பெரிய பரீட்சை எழுதோணும்."

"இதுவும் சர்டிபிகேட்டு, அதுவும் சர்டிபிகேட்டா?"

"ஆமா."

"அட கெடுவானுங்களா!" என்று காளியாத்தாள் போட்ட சத்தத்தில் காளைகள் மிரண்டன. "சர்டிபிகேட்டுல ரெண்டு தினுசு இருக்குதுன்னு எங்கப்பனுக்கு எவன்டா சொன்னான்? நடடா சின்னுசாமி மாமன் ஊட்டுக்கு!"

சின்னுசாமி வயலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி பெருமாயிதான் வாசலில் இருந்தாள். "வா காளி, பாக்கத்தான் வந்தயா?" என்று வாயெல்லாம் பல்லாக உள்ளே கூட்டிப்போனாள். முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவில், கண்ணாடி போட்டு, நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, சம்பங்கி மாலையோடு அந்தக் காகிதம் தொங்கியது. அடியில் அகல் எரிந்தது.

"தெனமும் வெளக்கு வெக்கறேன்," என்றாள் பெருமாயி. "எங்க குலத்துல மொதல் காயிதம்."

"படிடா," என்றாள் காளியாத்தாள் தம்பியிடம், மெதுவாக.

அவன் இங்கிலீஷை வாய்க்குள் படித்து, அவள் காதில் தமிழாகச் சொன்னான். "பேரு அர்த்தநாரி. ஆறாவது பாரம். பள்ளிக்கூடத்த உட்டதுக்குக் காரணம்... தகப்பனார் விருப்பம்."

கண்ணுகளா, அந்த வீட்டு விளக்கு எரிந்ததே, அதைவிடச் சூடாக எரிந்தது காளியாத்தாளுக்கு. அர்த்தநாரிக்குத் தெரியாமலா இருக்கும்? படிப்புக் கசந்த பையன். கமுக்கமாக இருந்துவிட்டுச் சேலத்தில் தாய்மாமன் கடைக்குப் போய்விட்டான். பெற்றவள் மட்டும் தினம் விளக்கு வைக்கிறாள்.

"என்ன எழுதியிருக்குது சாமி?" என்று பெருமாயி கேட்டாள்.

காளியாத்தாள் அகலைப் பார்த்தாள். "வந்து சொல்றனுங்கத்தை. வந்து கண்டிப்பாச் சொல்றேன்."

வெளியே வந்ததும் தம்பியின் தோளைப் பிடித்தாள். "இந்த மாதிரி எத்தனை பேரு?"

"ஏழு பேரு. அரைப் பரீட்சையில மார்க்கு கொறைஞ்சவங்க. எனக்குக் கணக்குல இருவத்தெட்டு. பெரிய பரீட்சைக்குப் போறவங்க லிஸ்டுல எங்க பேரு இல்ல. அந்த லிஸ்டு இன்னிக்குத்தான் போகுது."

"எப்ப?"

"பன்னண்டு மணி கரி பஸ்ஸுல."

கரி எரித்து ஓடுகிற அந்த பஸ்தான் தபாலையும் கொண்டு போகும். காளியாத்தாள் பொழுதைப் பார்த்தாள். உச்சிக்கு ஏற இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

"ஏரிக்கரை மேல ஓடுனா ஒண்ணரை மைலு. ஓடுடா!"

"எதுக்குக்கா? கைநாட்டு வெச்சாச்சு..."

"ஓடுன்னா ஓடு! உங்கப்பன் அங்க தேங்காய் பழத்தோட போய்த் தன் வெரலத் தானே வெட்டிக்கப் போறாரு!"

சந்தைமேட்டு ஹைஸ்கூல் வாசலில் ஒரு பெரிய பலகை. வெள்ளைப் பெயிண்ட் அடித்து, கறுப்பெழுத்தில் எழுதியிருந்தது. ரோட்டில் போகிற பஸ்காரர்களும் படிக்க வேண்டும் என்று யானைக் குட்டி அளவுக்கு எழுத்து. "சென்ற ஆண்டு பரீட்சை எழுதியோர் 27. தேறியோர் 27. நூற்றுக்கு நூறு." ஓடி வந்த மூச்சில் காளியாத்தாள் அதைப் படித்தாள்.

"போன வருசம் கிளாசுல எத்தனை பேருடா இருந்தாங்க?"

"முப்பத்திநாலு."

முப்பத்திநாலில் இருபத்தேழு போக ஏழு; காளியாத்தாள் மறுபடி ஓடினாள்.

உள்ளே, ஆபீஸ் வராந்தாவில் கவுண்டர் அப்போதுதான் வந்து நின்றார். அரை மணி முன்பே வந்துவிட்டவர்தான். ஆனால் வந்ததும் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் கைகால் கழுவி, திருநீறு பூசி, கிழக்கு எது என்று இரண்டு வாத்தியார்களைக் கேட்டு, அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அந்த அரை மணிதான் ஒரு பையனின் தலையெழுத்து.

கிளார்க்கு சென்றாயன் ஒரு கையில் காகிதமும் ஒரு கையில் மைப்பெட்டியுமாகத் தவித்தான். "கவுண்டரே, இதை வாங்கிக்கிட்டு இந்த ரிஜிஸ்டர்ல ஒரு கைநாட்டு வையுங்க. எனக்கு பஸ்ஸுக்கு லிஸ்டு அனுப்பணும்."

"இருப்பா. எட்மாஸ்டரு கையால வாங்கோணும்."

எட்மாஸ்டர் தீர்த்தகிரி, ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், அறைக்குள்ளிருந்து வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. ஆனாலும் காகிதத்தைச் சென்றாயனிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

கவுண்டர் தாம்பாளத்தைத் திட்டில் வைத்துவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, சாமியிடம் தீர்த்தம் வாங்குகிறவர்போல இரண்டு கையையும் நீட்டினார்.

"அப்பா! கையை எடுங்க!"

பள்ளிக்கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் முளைத்தன.

"தொடாதீங்கப்பா! அதைத் தொட்டுப்போடாதீங்க!"

காளியாத்தாள் வராந்தாவில் ஏறி, நீட்டிய கைகளை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினாள். கவுண்டருக்குக் கோபம் வந்தது. "அம்முணி, என்ன இது, சபையில? கம்பந்தான் பிடுங்கியாச்சே!"

"அது பாசான சர்டிபிகேட்டு இல்லீங்கப்பா. தம்பியைப் பள்ளிக்கூடத்த உட்டுத் தொரத்தற சர்டிபிகேட்டு. அவன் இன்னும் பரீட்சையே எழுதலை. அவனை நெறுத்தச் சொல்லி நீங்களே கேட்டுக்கிட்டதா இதுல எழுதியிருக்குது. அதுக்குத்தான் உங்ககிட்டக் கைநாட்டு வாங்கினாங்க."

கவுண்டர் சிரித்தார். ஆமாம், சிரித்தார். "அட, நான் எதுக்கு அப்படிக் கேக்கப் போறேன்?"

அவர் எட்மாஸ்டரைப் பார்த்தார். சென்றாயனைப் பார்த்தார். சென்றாயன் மைப்பெட்டியைப் பார்த்தான். கடைசியில், படியின் கீழே தலைகுனிந்து நின்ற மகனைப் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. கவலையில் பை கிழிந்தால் தண்ணீர் இறங்குமே, அப்படி.

"அதுக்காகவா கண்ணு நீ எங்கிட்டப் பேசலை?"

மருதாசலம் தலையை மட்டும் ஆட்டினான்.

"மூணு வாரமா எம் மூஞ்சியப் பாக்காம சோறு தின்னயே, இதுக்காகவா? நான் நெறுத்துவேன்னு நெனச்சயா? ஒரு வார்த்தை, 'ஏனுங்கப்பா இப்படிப் பண்ணுனீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதா? மாடு செத்த வயித்தெரிச்சல்ல ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதை வெச்சா என்னை எடை போட்டே?"

அவர் மகனை அடிக்கப் போகிறாரோ என்றுகூட காளியாத்தாள் பயந்தாள். ஆனால் அவர் திரும்பியது எட்மாஸ்டர் பக்கம்.

"ஏனுங்க சாமி, இது நெசமுங்களா?"

தீர்த்தகிரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், கண்ணுகளா. அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. "கவுண்டரே, உட்காருங்க. நான் இங்கே வந்தப்போ நூற்றுக்கு நாற்பது பேர்தான் தேறினாங்க. இப்படியே போனா மேல் வகுப்புகளை மூடிடுவோம்னு மேலிடத்திலிருந்து கடிதாசு வந்தது. மூடியிருந்தா உங்க ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நாமக்கல்லுக்கு நடக்கணும். இப்போ நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடம் நிக்குது. தேறாத ஏழு பேருக்காக நூறு பேர் படிக்கிற இடத்தை நான் இழக்க முடியுமா?"

"தேறாதுன்னு பரீட்சைக்கு முன்னாலயே எழுதி வெச்சுட்டீங்களா?" என்றாள் காளியாத்தாள்.

"கணக்கிலே இருபத்தெட்டு, அம்மா."

"அதைச் சொல்லிக் குடுத்து முப்பத்தஞ்சு ஆக்கறதுதானே உங்க சோலி? பள்ளிக்கூடம் பாசாகறதுக்கு எங்க ஊட்டுப் பசங்க பெயிலாகோணுமா? நெறுத்தறதுன்னா நேரா ஊட்டுக்கு வந்து, 'உம் பையன் தேற மாட்டான், நான் நெறுத்தறேன்'னு சொல்லிட்டு உங்க கையெழுத்தைப் போடறது. சந்தையில கத்திரிக்காய்க் கூடைக்கு நடுவுல நின்னு எங்கப்பன் வெரலை எதுக்குத் திருடறீங்க?"

ஜன்னலில் ஒரு தலை சிரித்தது. பக்கத்துத் தலை அதைக் குட்டியது.

எட்மாஸ்டர் முகம் சிவந்தது. "யாரும் திருடவில்லை. என்ன காகிதம்னு கேட்கிறது அவர் பொறுப்பு. கைநாட்டு வைத்தது வைத்ததுதான். சென்றாயன், நேரமாகுது. கொடுத்துட்டு லிஸ்டைக் கட்டு."

சென்றாயன் பதறினான். பதற்றத்தில்தான் மனிதனுக்கு உண்மை வரும். "சார், அவர் இதை வாங்கி ரிஜிஸ்டர்ல கைநாட்டு வைத்தால்தானே பேரை அடிக்க முடியும்? மூணு வாரமா இந்த ஒரு பேர்தான் அடிக்காம தொங்குது. மற்ற ஆறு பேரும் அன்னிக்கே வந்து வாங்கிக்கிட்டாங்க. இவர்தான் கம்பம், கம்பம்னு..."

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். நேரம் கடந்துவிட்டது.

"என்ன சொன்னே?" என்றாள் காளியாத்தாள். "பேரை இன்னும் அடிக்கலையா?"

சென்றாயன் அவசரமாக ரிஜிஸ்டரை மூடினான்.

"அப்பா! நீங்க இதைக் கையில வாங்கலை. வாங்காத வரைக்கும் தம்பி இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்தான். பேரு இருக்குதுங்கப்பா! மாரியாத்தா கம்பத்துல கட்டி வெச்சிருந்தாளுங்க!"

எட்மாஸ்டர் சட்டம் படித்த மனிதர். ஜன்னலில் முப்பது தலைகள். தகப்பன் எதிரில் நின்று வேண்டாம் என்கிறபோது அந்தக் காகிதம் வெறும் காகிதம் என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ எழுத்துமூலமாக் கொடுக்கச் சொல்லுங்க," என்றார் கடைசியில். "முன்பு வைத்த கைநாட்டு ரத்து என்று."

காளியாத்தாள் மேஜையிலிருந்த ஒரு தாளை, கேட்காமலே, இழுத்தாள். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம். ஆனாலும் எழுதினாள். 'என் மகன் மருதாசலத்தை நிறுத்த நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அவன் பரீட்சை எழுதட்டும்.' மூன்று வரி. அப்பா முன்னால் வைத்தாள். சென்றாயன் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினான்.

கவுண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வெக்க மாட்டேன்."

"அப்பா, பஸ் வந்துரும்!"

"வரட்டும். என்னன்னு தெரியாத காயிதத்துல ஒருதரம் வெச்சுச் சீரழிஞ்சாச்சு. அவன் படிக்கட்டும். அவன் வாயால படிச்சு நான் கேக்கோணும்."

மருதாசலம் படியேறி வந்தான். கை அழுக்கு, தலை புழுதி. தாளை எடுத்தான். முதல் வரியிலேயே குரல் உடைந்தது. மூன்று வாரத்துக்கு அப்புறம் தகப்பனிடம் அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்: "என் மகன்... மருதாசலத்தை... நிறுத்த... நான் சொல்லவில்லை."

"மறுக்காப் படி."

படித்தான்.

"இன்னொருதரம். சத்தமா. அந்த ஜன்னல் வரைக்கும் கேக்கட்டும்."

மூன்றாம் தரம் அவன் கத்திப் படித்தான். கவுண்டர் கட்டை விரலை மையில் முக்கி, தாளில் வைத்து, மேஜை ஆட அழுத்தினார்.

லிஸ்டில் இருபத்தொன்பது பேர் இருந்தார்கள். முப்பதாவதாகச் சென்றாயன் எழுதினான். தூரத்தில் கரி பஸ் இருமிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது.

"கவுண்டரே, ஒன்று சொல்லிவிடுகிறேன்," என்றார் எட்மாஸ்டர். "இவன் தவறினால் அந்தப் பலகையில் நூறை அழித்துவிட்டுத் தொண்ணூற்றாறு என்று எழுதுவேன். யாரால் என்று ஊரே கேட்கும். நான் மறைக்க மாட்டேன்."

"எழுதுங்க சாமி. பக்கத்துலயே எம் பையன் பேரையும் எழுதுங்க. எழுதித் தோத்தவன்னு எழுதுங்க. அதுல எனக்குக் கேவலமில்லை." தாம்பாளத்தைக் கையில் எடுத்தார். தேங்காயைக்கூட அங்கே விடவில்லை.

வாசலில் அந்தப் பலகை முன்னால் நின்றார். "அம்முணி, என்ன எழுதியிருக்குது, படி."

படித்தாள்.

"எழுத உடாம நெறுத்துனது எத்தனைன்னு எழுதியிருக்குதா?"

"இல்லீங்கப்பா. போன வருசம் கிளாசுல முப்பத்திநாலு பேரு; ஏழு பேரை நெறுத்திட்டாங்க."

மை காயாத கட்டை விரலை அந்த வெள்ளைப் பெயிண்டில், நூறுக்குப் பக்கத்தில், அழுத்தி எடுத்தார். அருவாள் தழும்போடு பளிச்சென்று விழுந்தது. "போன வருசம் ஏழு. இந்த வருசம் ஆறு. வந்து பார்க்கறவன் கேக்கட்டும், இது யாரு வெரல்னு." வண்டியில் ஏறினார்.

வழியில், சின்னுசாமி வீட்டுச் சுவரில் தம்பி படித்ததைக் காளியாத்தாள் அப்பாவிடம் சொன்னாள். ஏரிக்கரை திரும்பியபோது மருதாசலம் மெல்ல, "கணக்கு எனக்கு நெசமாலுமே வராதுங்கப்பா," என்றான்.

"தெரியுது. மார்ச்சு வரைக்கும் மாட்டைத் தொடாதே. மாடும் பொழைக்கும்."

வேலாங்காட்டுக்குள் வண்டி நுழைந்தது. கவுண்டர் வீட்டில் ஐம்பது ஒறம்பரையும் இலைக்குக் காத்திருந்தது. ஆனால் முதலில் வருவது சின்னுசாமி வீடு. வாசலில் அவரே நின்றார். பக்கத்தில், கண்ணாடி போடுகிற காத்தான், அளவுகோலும் சட்டக் கட்டையுமாக.

"வாங்க மச்சான்! எங்க, சர்டிபிகேட்டைக் காட்டுங்க. காத்தான் வெடியக்காலமே வந்துட்டான். எம் பையனுதுக்குப் போட்ட அதே தேக்குச் சட்டம். ஒட்டுக்கா ரெண்டு ஊட்டுலயும் ஒரே மாதிரி தொங்கட்டும்!"

உள்ளே பெருமாயி அகலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். வாசலுக்கு வந்து, காளியாத்தாள் முகத்தைப் பார்த்தாள். காலையில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை அல்லவா?

காளியாத்தாள் இறங்கப் போனாள். கவுண்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நீ இரு அம்முணி. இது நான் சொல்ல வேண்டியது. என்ற வெரலும் அவன் வெரலும் ஒரே சந்தையிலதான் மையில முங்குச்சு."

இறங்கினார். கறுத்த கட்டை விரலோடு சின்னுசாமியின் தோளில் கை வைத்தார். "மாப்புள்ளை, உள்ளார வா. அந்த வெளக்கை அமத்தச் சொல்லு. அப்பறம் அந்தக் கண்ணாடியைக் கழட்டிக் கீழ எறக்கு. எம் பையன் அதை உனக்குப் படிச்சுக் காட்டுவான்."

கண்ணுகளா, இத்தோடு இன்றைக்கு நிறுத்துகிறேன். இறக்கி வைத்த பாலை மறுபடி அடுப்பில் ஏற்றுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் எது தொங்கினாலும் அதைப் படித்துச் சொல்ல ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கட்டும். அந்தப் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கட்டும். உங்கள் வீட்டார் விரல் வைக்கிற காகிதமெல்லாம் உங்களுக்கு நல்லதையே பேசட்டும். மாரியாத்தா உங்கள் வாசலைக் காத்து நிற்கட்டும்.